சோம்பேறி இல்லையாம், தைராய்டாம்

நாலு வருஷமாக வீட்டில் எனக்குச் சோம்பேறிப் பட்டம். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவேன், சித்திரை வெயிலில் எல்லோரும் ஃபேனுக்கு அடியில் கிடக்க நான் மட்டும் போர்வையைத் தேடுவேன், சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. ஒரு டாக்டர் ரத்தசோகை என்றார், இன்னொருவர் 'டென்ஷனைக் குறைங்கம்மா' என்றார் (டென்ஷனே அவர் ஃபீஸ்தான்). மூன்றாமவர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு டி.எஸ்.எச். என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். 4, 4.5-க்குள் இருக்க வேண்டியது எனக்கு 48! கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி மந்தமானால் மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதை விரட்டி விரட்டி வேலை வாங்கப் பார்க்கும், அந்த விரட்டல்தான் இந்த எண்.

இப்போது விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை, அப்புறம் அரை மணி நேரம் காபி டம்ளரை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்ததில் 11. போர்வை இன்னும் கட்டில் ஓரத்தில்தான் கிடக்கிறது.