சுருங்கை வீதி

ஜூன் 4

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையை மீண்டும் எடுத்தேன். கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டுக் கோவலன் மதுரையைக் காணப் புறப்படுகிறான். அகழியருகே அவன் போகும் வழியைச் சொல்லும் வரிகளில் நின்றுவிட்டேன்:

பெருங்கை யானை இனநிரை பெயரும்
சுருங்கை வீதி மருங்கிற் போகி

சுருங்கிய வழி என்பதால் சுருங்கை என்றே இத்தனை காலம் நம்பியிருந்தேன். யானைகள் நிரையாகப் போகும் வழி எப்படிச் சுருங்கியதாகும்?

ஜூன் 5

பரிபாடலிலும் சுருங்கை உண்டு. அங்கே அது மதிலின் நீர்வழி. அதில் பீறிடும் நீர், களிறு துதிக்கையால் விடும் நீரைப்போல் இருக்கிறதாம். அகலமோ குறுகலோ, மூடிய வழி என்பதுதான் பொருள்.

ஜூன் 8

வடமொழியில் இது சுருங்கா. அர்த்தசாஸ்திரத்தில் அரசன் தப்பிச் செல்லும் நிலவறை வழி அது. அரக்கு மாளிகையிலிருந்து பாண்டவர்கள் தப்பியதும், விதுரன் அனுப்பிய ஆள் தோண்டிக் கொடுத்த அப்படியொரு வழியில்தான்.

இந்தச் சொல்லைக் கிரேக்க 'சிரிங்ஸ்' என்பதோடு பொருத்தி 1925இல் இந்தியவியல் அறிஞர் ஓட்டோ ஷ்டைன் கட்டுரை எழுதினார். அறிஞர் பலரும் அதை ஏற்கின்றனர். சிரிங்ஸ் என்றால் குழல். பான் என்ற தெய்வம் ஊதும் நாணற்குழலுக்கும் அதுதான் பெயர். பிறகு குழல்போல் நீண்ட எந்த வழியையும் அது குறித்தது. எகிப்தின் தீப்ஸ் நகரருகே பாறையைக் குடைந்து அமைத்த அரசர் கல்லறைகளைக் கிரேக்கர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். ஊசி போடும் சிரிஞ்சும் இதே குடும்பம்.

ஜூன் 9

அந்தக் காலத்து முற்றுகைகளைப் பற்றிப் படித்தேன். கி.மு. 189இல் ரோமானியர் கிரேக்கத்தின் அம்பிராசியா நகர மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்கள். நகரத்தார் உள்ளே ஓர் அகழி வெட்டி, மெல்லிய வெண்கலப் பாத்திரங்களை வரிசையாக வைத்து, எது அதிர்ந்து ஒலிக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டார்கள். இடம் தெரிந்ததும் எதிர்ச்சுரங்கம் வெட்டி, பறவை இறகுகளை எரித்த புகையைத் துருத்தியால் ஊதி எதிரிகளை விரட்டினார்கள். இரவு வெகுநேரம் அந்தப் பாத்திரங்களையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 12

சுருங்கைதான் இன்று நம் வாயில் சுரங்கம். நெய்வேலியில் நிலக்கரி வெட்டும் வானம் பார்த்த பள்ளத்தையும் இன்று சுரங்கம் என்கிறோம். கூரை போய்விட்டது, சொல் நிற்கிறது.

மீண்டும் ஊர்காண் காதைக்கு வந்தேன். அன்று இரண்டு வரிகளோடு நின்றது என் பிழை. அடுத்த வரிகள் இவை:

கடிமதில் வாயிற் காவலிற் சிறந்த
அடல்வாள் யவனர்க்கு அயிராது புக்கு

சுருங்கையைக் கடந்ததும் மதில்வாயிலில் வாளோடு நிற்பவர்கள் யவனர்கள்; கிரேக்கரையும் ரோமரையும் தமிழர் அழைத்த பெயர் அது. அந்தக் காவலர்கள் ஐயுறாதபடி கோவலன் உள்ளே நுழைகிறான். இதைச் சொல் வந்த வழிக்குச் சான்று என்று சொல்லமாட்டேன். ஆனால் கிரேக்கச் சொல்லும் யவனக் காவலரும் அடுத்தடுத்த வரிகளில் நிற்பதைக் கண்டபோது மெய்சிலிர்த்தது.