எத்தனை கணுக்களின் சராசரி?

பல கணினிகளில் பரந்திருக்கும் பகிர்வுத் தரவுத்தளங்களையும், வெப்பம் போன்றவற்றை அளந்து வானொலி அலைகளில் அனுப்பும் சிறு கருவிகளாலான கம்பியில்லா உணரி வலையமைப்புகளையும் சேர்த்து ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்கள் சிலர், எதிலிருந்து தொடங்குவது என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில், தகுதித் தேர்வில் நான் இடறிய இடத்தைச் சொல்வதே அதற்குப் பயனுள்ள விடையாக இருக்கும்.

நான் தரவுத்தளப் பக்கத்திலிருந்து வந்தவன். பல கணினிகளை ஒரே முடிவுக்குக் கொண்டுவரும் இருகட்ட ஒப்புதல், பாக்சோஸ் ஆகிய நெறிமுறைகளைப் படித்து வளர்ந்தவனுக்கு, பதில் தராத கணு (வலையமைப்பில் உள்ள ஒரு கருவி) என்றால் கோளாறு. காத்திருக்க வேண்டும், இல்லையேல் பெரும்பான்மையை வைத்து முடிவெடுக்க வேண்டும். உணரி வலையமைப்பிலோ பதில் வராமல் போவது அன்றாட நிகழ்வு. நாங்கள் பயன்படுத்திய டெலோஸ்-பி என்ற உணரிக் கணுவில் இரண்டு பேனா பேட்டரிகளும் 10 கிலோபைட் நினைவகமும் மட்டுமே உண்டு. ஒரு கிலோபிட் தகவலை 100 மீட்டர் தொலைவுக்கு அனுப்பச் செலவாகும் ஆற்றலில் ஒரு செயலி ஏறத்தாழ 30 லட்சம் கட்டளைகளை நிறைவேற்றிவிடும் என்று கிரெகரி பாட்டி (Pottie), வில்லியம் கைசர் ஆகிய ஆய்வாளர்கள் 2000-இல் கணக்கிட்டார்கள். அளவீடுகளை அப்படியே மையத்துக்கு அனுப்பாமல் வழியிலேயே திரட்டிச் சுருக்க வேண்டும் என்ற எண்ணம் இந்தக் கணக்கிலிருந்துதான் வலுப்பெறுகிறது.

ஆகவே முதலில் படிக்க வேண்டியது, பெர்க்லியில் மேடனும் அவருடைய குழுவினரும் 2002-இல் வெளியிட்ட, இப்படி வழியிலேயே திரட்டும் முறையை விளக்கும் டேக் (TAG) கட்டுரை. அடுத்து, அதன் தொடர்ச்சியாக 2005-இல் விரிவாக வந்த, உணரி வலையமைப்பைத் தரவுத்தளம் போல வினவ உதவும் டைனிடிபி (TinyDB) அமைப்பைப் பற்றிய கட்டுரை. இவற்றை வாசித்தால் மட்டும் போதாது. ஒரு தாளில் ஏழு கணுக்களைக் கொண்ட மரம் ஒன்றை வரைந்து, ஒவ்வொரு கணுவும் தன் பெற்றோர் கணுவுக்கு எதை அனுப்புகிறது என்று கைப்பட எழுதிப் பாருங்கள். சராசரி கேட்டால் கூட்டுத்தொகை, எண்ணிக்கை என்ற இணை மேலே செல்லும்; மரத்தின் உச்சியிலுள்ள வேர்க்கணுவில்தான் வகுத்தல் நடக்கும். பெருமம் (மிகப்பெரிய மதிப்பு) கேட்டால் ஒரே எண் போதும். இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) கேட்டால் சிக்கல்: துல்லியமான விடைக்கு, பொதுவாக எல்லா மதிப்புகளையும் மேலே சுமந்து செல்ல வேண்டியிருக்கும். வலையமைப்பு துண்டுபடும்போது தரவின் ஒருமைப்பாடு, எப்போதும் பதில் கிடைத்தல் ஆகிய இரண்டையும் ஒருசேரப் பெற முடியாது என்று சொல்லும் கேப் (CAP) தேற்றத்தைப் பற்றி எல்லாரும் நிறையப் பேசுவார்கள்; கில்பர்ட்டும் லிஞ்சும் 2002-இல் தந்த நிறுவலை ஒருமுறை பொறுமையாகப் படித்தால் போதும்.

இனி என் தவறு. கூரைத் தோட்டம் ஒன்றில் 24 கணுக்களை வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சராசரி வெப்பநிலையைத் திரட்டினேன். ஒருநாள் பிற்பகல் மழைக்குப் பிறகு சராசரி ஏழு டிகிரி குறைந்தது. மழையின் குளிர்ச்சியை அமைப்பு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று மகிழ்ந்து, அந்த வரைபடத்தையே தேர்வில் முதலில் காட்டினேன். தேர்வாளர் ஒருவர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “மழைக்குப் பிறகு வரும் இந்தப் புள்ளி, எத்தனை கணுக்களின் சராசரி?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. எண்ணிக்கை ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் வேர்க்கணுவரை வந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தது. வகுத்து முடித்ததும் அதைப் பதிவில் எழுதாமல் விட்டவன் நான்தான். மூன்று மாதம் கழித்து மீண்டும் வரச் சொன்னார்கள்.

கணுக்களின் உள்நினைவில் தங்கியிருந்த அளவீடுகளை இறக்கிப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை நீர் உறிஞ்சும். செடிகள் நனைந்ததும், வெயில் படும் மூலையில் இருந்த 15 கணுக்களின் இணைப்பு அறுந்துவிட்டது. நிழலில் இருந்த ஒன்பதை மட்டும் கூட்டி வகுத்து, அதையே தோட்டத்தின் சராசரி என்று நான் சொல்லியிருக்கிறேன். உண்மையான வீழ்ச்சி அதில் பாதிகூட இல்லை.

கட்டடத்துக்குள் இயங்கும் சோதனைத்தளத்தில் மட்டும் பணியாற்றியிருந்தால் இதை நான் கண்டிருக்கவே மாட்டேன். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கணினியியல் பள்ளியில் மூன்று மாடிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கணுக்களுடன் அமைக்கப்பட்ட இந்திரியா போன்ற தளங்கள் நெறிமுறைகளை ஒப்பிட மிகவும் ஏற்றவை. (புலன்களைக் குறிக்கும் சொல்லை உணரிகளுக்குச் சூட்டியவரின் ரசனையை மெச்ச வேண்டும்.) ஆனால் மழையும் வெயிலும் அங்கே நுழைவதில்லை. எனவே கணினிப் பாவனையாக்கத்தில் மாதக்கணக்காக மூழ்குவதற்கு முன், ஐந்து கணுக்களையாவது வெளியே வைத்து ஒரு வாரம் ஓடவிடுங்கள். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தின் கிரேட் டக் தீவில் 2002-இல் கடற்பறவைகளின் வளைகளை ஆராய 32 கணுக்கள் வைத்தவர்களின் அனுபவத்தையும் படியுங்கள். கணுக்கள் எப்படிப் பழுதாகின்றன என்று அவர்கள் எழுதியிருப்பது, என்னைப் பொறுத்தவரை, எந்த நெறிமுறை விளக்கத்தையும்விட மதிப்புள்ளது.

இழப்பைத் தவிர்க்க ஒரே செய்தியை இரண்டு பெற்றோர் கணுக்களுக்கு அனுப்பலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பெருமத்துக்கு அதனால் தீங்கில்லை. கூட்டுத்தொகையோ இருமுறை எண்ணப்பட்டுவிடும். ஒரே செய்தி இருமுறை வந்தாலும் மாறாத தோராயச் சுருக்கங்களைப் பற்றி 2004 வாக்கில் வந்த கட்டுரைகளை இந்த இடத்தில் படித்தால், அவை எதற்காக எழுதப்பட்டன என்பது உடனே விளங்கும்.

இரண்டாம் முறை போனபோது சராசரிக் கோட்டுக்குக் கீழே, பங்களித்த கணுக்களின் எண்ணிக்கையை இன்னொரு கோடாக வரைந்திருந்தேன். மழைப் பொழுதுகளில் இரண்டும் ஒன்றாகச் சரிவது பளிச்சென்று தெரிந்தது. அதே தேர்வாளர் தலையசைத்துவிட்டு, “சரி, சராசரிக்குப் பதிலாக இடைநிலையைக் கேட்டால் என்ன செய்வீர்கள்?” என்றார். அந்தக் கேள்விதான் பிறகு என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் ஆயிற்று.