555 புத்தகத்தில் எழுதிய செஸ் கடன்

தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் என் மகள் பள்ளியில் செஸ் கற்றுக்கொண்டு வந்த வாரம், என்னை நாலே நகர்வில் தோற்கடித்தாள். ராணி ஓரமாக வந்து நின்றது, மந்திரி குறுக்கே பார்த்தது, "முடிஞ்சிருச்சுப்பா" என்றாள். என்ன முடிந்தது என்று எனக்குப் புரியவே ஒரு நிமிடம் ஆனது. அன்று இரவே கைப்பேசியில் லிச்செஸ் என்ற செஸ் செயலியை இறக்கினேன். அது 2024 மே மாதம். இலவசம், விளம்பரமும் கிடையாது. வீட்டில் கணக்குச் சொல்ல வேண்டிய செலவு இல்லை.

புதிதாக வருபவருக்கு லிச்செஸ் 1500 புள்ளி கொடுத்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியையும் போடும். நான் 1500ஐ மட்டும் பார்த்தேன். ஆளின் தரம் தெரியும்வரை அந்தக் கணக்கு பெரிய பெரிய துண்டாக ஏறும், இறங்கும். எனக்கு இறங்க மட்டுமே தெரிந்திருந்தது. ஒரே வாரத்தில் 870.

அதற்குப் பிறகு எல்லாரும் செய்யும் தவற்றை நானும் செய்தேன். ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்று மணிக்கணக்கில் காணொளி பார்த்தேன். பெரிய பெயருள்ள தொடக்கங்கள் இரண்டை மனப்பாடம் செய்தேன். எதிரே ஆடுபவர் அந்தக் காணொளியைப் பார்க்காததால் மூன்றாவது நகர்விலேயே பாதை மாறிவிடும், அப்புறம் கடவுள் விட்ட வழி. போதாததற்கு வேலைக்குப் போகும் வழியில் கோலாலம்பூர் எல்ஆர்டி ரயிலில் மூன்று நிமிட ஆட்டம். வங்சா மாஜுவில் ஏறினால், அம்பாங் பார்க்குக்கு முன்னால் ரயில் சுரங்கத்துக்குள் இறங்கிவிடும். மஸ்ஜித் ஜாமெக் தாண்டித்தான் வெளிச்சம். என் பழைய கைப்பேசிக்கு அங்கே லைன் விட்டுவிட்டு வரும், கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடும். நடுவில் வரும் டாங் வாங்கி சுரங்க நிலையத்தில் எத்தனை வெற்றியைப் புதைத்தேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. இரவில் அந்தக் கோபத்தில் "இன்னும் ஒன்னே ஒன்னு" என்று ஒரு மணிவரை ஆடி, மறுநாள் காலை பசியாறும்போதும் அதே ஆட்டம் கண்ணுக்குள் நிற்கும்.

ஜூலையில்தான் மேசை இழுப்பறையில் ஒரு 555 புத்தகம் கிடைத்தது. மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே சின்னப் புத்தகம். தோற்ற ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு வரி எழுதினேன்: தேதி, எதைக் கொடுத்தேன், ஏன். கணினியின் ஆய்வைத் திறப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்பது நானே வைத்துக்கொண்ட விதி. ஆய்வு செய்யும் ஸ்டாக்ஃபிஷ் மென்பொருள் சரியான நகர்வைக் காட்டும், நான் என்ன நினைத்துக்கொண்டு அந்தக் காயை நகர்த்தினேன் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

40 தோல்வி சேர்ந்ததும் எண்ணினேன். 27ல் நான் ஏதோ ஒரு காயைச் சும்மா கொடுத்திருந்தேன். எதிராளியின் குதிரை பார்த்துக்கொண்டிருந்த கட்டத்தில் போய் நின்றிருக்கிறேன், அல்லது ஒரு காயைக் காத்துக்கொண்டிருந்த மந்திரியை வேறு வேலைக்கு அனுப்பியிருக்கிறேன். ஆறு, நேரம் போய்த் தோற்றது. தொடக்கம் தெரியாததால் தோற்றது என்று சொல்லக்கூடியது இரண்டுதான். காணொளி பார்த்த நேரமெல்லாம் கண்முன் வந்து போனது.

அதன் பிறகு 15 நிமிடமும், நகர்வுக்கு 10 விநாடி கூடுதலும் உள்ள ஆட்டம் மட்டும். ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு, அதுவும் வீட்டில். காயைத் தொடுமுன் "இப்போது அவன் எதைப் பார்க்கிறான்?" என்று மெல்ல வாய்விட்டே கேட்டுக்கொள்வேன். மனைவி முதலில் பயந்துபோனாள். ரயிலில் புதிர் மட்டும் போடுவேன். அதில் கடிகாரம் இல்லை, லைன் போனாலும் நட்டமில்லை. யாரோ நிஜமாக ஆடிய ஆட்டங்களிலிருந்து எடுத்த புதிர்கள் என்பதால், என்னைப் போன்ற ஆட்களின் ஓட்டைகள் அதில் நிறையக் கிடைத்தன.

வென்ற ஆட்டத்தைக் கெடுப்பது வேறு ஒரு கலை. ஒருமுறை ராணியும் யானையும் கையிலிருக்க, எதிரே தனி ராஜா. அவனுக்கு நகர இடமே இல்லாமல் செய்துவிட்டேன், ஆனால் செக் வைக்கவில்லை. ஸ்டேல்மேட், அரைப் புள்ளி. அன்றிரவு கணினியோடு, ஒரே ஒரு யானையை வைத்து மேட் செய்யும் முறையைப் பத்துப் பதினைந்து தடவை ஆடிய பிறகுதான் தூங்கினேன்.

அலுவலகத்தில் மதிய நேரம் ஒரு மலாய் நண்பரோடு பலகையில் ஆடுவதுண்டு. அவர் "ஜாகா காஜா" என்று எச்சரித்தார். யானையைப் பார்த்துக்கொள் என்கிறாரே என்று மூலையில் இருந்த யானையை நகர்த்தினேன். அவர் என் மந்திரியை வெட்டினார். மலாயில் காஜா என்றால் நம் மந்திரி, நம் யானைக்கு அவர்கள் சொல்வது தீர், ராணிதான் அவர்களுக்கு மந்தெரி. சிரித்து முடிக்கவே பாதி இடைவேளை போய்விட்டது. புத்தகத்தில் அதையும் எழுதினேன்: "மொழிபெயர்ப்பில் ஒரு மந்திரி."

2024 டிசம்பர் 12 மாலை, மாமாக் கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்க, சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் 14வது ஆட்டத்தைக் கைப்பேசியில் பார்த்தேன். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில், 55வது நகர்வில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானையை நகர்த்தி, யானைக்கு யானை வெட்டிக்கொள்ள வழிவிட்டார். அவருடைய மந்திரி மூலையில் மாட்டியிருந்தது. குகேஷ் யானையை வெட்டி, மந்திரியையும் மாற்றிக்கொண்டார். மிச்சம் இருந்தது சிப்பாய்களின் கணக்கு. 58வது நகர்வோடு 18 வயதில் அவர் உலகச் சாம்பியன். எல்லாரும் குகேஷின் கண்ணீரைப் பார்த்தார்கள். நான் டிங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும், டாங் வாங்கியில் ரயில் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

எட்டு மாதத்தில் 1240 வரை ஏறினேன். மகளின் நாலு நகர்வு வித்தை இப்போது என்னிடம் பலிப்பதில்லை. போன ஞாயிறு அவள் வேறு வழியில், குதிரையால் ராஜாவையும் ராணியையும் ஒரே நேரத்தில் தாக்கி வென்றாள். நான் பேனாவைத் தேடுவதற்குள் 555 புத்தகத்தை இழுத்து அவளே எழுதிவிட்டாள்: "அப்பா கடன், 1 ராணி. காரணம்: பேசிக்கிட்டே ஆடினது."