மலர்ப் பள்ளத்தாக்கு: ஏறியதும் இறங்கியதும்

செங்குத்தான ஏற்றங்களுக்குக் கால்களைப் பழக்கி வருகிறேன். இந்த முறை இலக்கு, உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு. பெயரைக் கேட்டால் உலாவிவிட்டு வரலாம் போலிருக்கும். ஆனால் புஷ்பவதி ஆறு அறுத்து வைத்திருக்கும் குறுகலான மலையிடுக்கு வழியாக ஏறித்தான் உள்ளே போக வேண்டும். தங்கும் ஊரான காங்கரியா சுமார் 3,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; பள்ளத்தாக்கு அதற்கும் 400, 500 மீட்டர் மேலே. ஒரு பக்கத் தூரம் நான்கு கிலோமீட்டர்தான். கேட்கச் சின்னக் கணக்கு. ஆனால் 3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாது.

மாடிப்படிதான் என் பயிற்சிக்களம். முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில்களை அடைத்துக்கொண்டு ஏறினேன். ஆனால் அதிகக் கவனம் வைத்தது இறங்குவதில். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. மறுநாள் கால் பிடித்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். பொத்தென்று காலைப் போடாமல் ஒவ்வொரு படியாக மெதுவாக இறங்கிப் பழகியதில் அந்த வலி வாரத்துக்கு வாரம் குறைந்தது. ஏறுவதற்கு ஒரே ஒரு அளவுகோல்தான்: பேச்சு. ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் சரி, முடியாவிட்டால் வேகம் அதிகம்.

போனது ஆகஸ்ட் தொடக்கம். பூங்கா ஜூன் முதல் அக்டோபர் வரை திறந்திருந்தாலும் பூக்கள் குவிவது ஜூலை நடுவிலிருந்துதான். அதாவது, மழையில் நனையாமல் பூப் பார்க்க முடியாது. காங்கரியாவைத் தாண்டியதும் பாதை பிரிகிறது. கோவேறு கழுதைகள் ஹேம்குண்ட் என்ற சீக்கியத் தலத்தின் பக்கம் போய்விடும். பூங்காவுக்குள் அவற்றுக்கு அனுமதி இல்லை. நடக்க முடியாதவர்களைக் கண்டி என்னும் கூடையில் வைத்து முதுகில் சுமந்து ஏறுகிறார்கள் உள்ளூர்க்காரர்கள். அவர்கள் காலடி வைக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் பின்னால் போனேன். சின்னச் சின்ன எட்டு, ஒரே சீரான வேகம், நின்றால் முழுசாக நிற்பது. எந்தப் பயிற்சி வீடியோவிலும் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

முதலில் மரநிழல். ஈரத்தில் நாகப்படம் போல் தலைகுனிந்து நிற்கும் அரிசீமா, நம் சேம்பின் குடும்பம். செடி சிறியதாக இருக்கும்வரை ஆண் பூ. கிழங்கில் சத்து சேர்ந்து பெரிதான பிறகு பெண் பூ. பிறகு பாதை ஆற்றுக்கு இறங்கிப் பாலத்தைக் கடக்கிறது. கடினமான பகுதி அங்கிருந்துதான். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், கீழே ஆற்றின் இரைச்சல், வளைந்து வளைந்து மேலேறும் கற்பாதை. மழையில் கல் வழுக்குகிறது. ஒவ்வொரு வளைவிலும் நின்று ஒரு பூவை நன்றாகப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். மூச்சும் அடங்கும், பூவும் மனதில் பதியும். பாறை இடுக்கில் நீலப் பாப்பி அப்படித்தான் கண்ணில் பட்டது. இதழ் பட்டுத்துணி மாதிரி மெல்லியது, தண்டு முழுக்க முள். படத்தில் வரும் நீலம் அசலுக்குப் பக்கத்தில்கூட வராது.

இடுக்கு முடிந்து நிலம் விரிந்ததும் எங்கும் இளஞ்சிவப்பு. பெரும்பாலும் இம்பேஷன்ஸ், காசித்தும்பையின் மலைச் சொந்தம். முற்றிய காய் தொட்டால் வெடிக்கும் குணம் இதற்கும் உண்டு. செடியின் உயரம்தான் ஆளை மறைக்கிறது. நடுவே ஊதா ஜெரேனியம், ஆற்றோரக் கூழாங்கல்லில் எபிலோபியம். வெள்ளைப் பூவோடு அடர்ந்து நிற்கும் பாலிகோனத்தை எல்லோரும் ரசித்துப் படமெடுக்கிறார்கள். இமயத்துச் செடிதான், ஆனால் மற்றவற்றை அமுக்கி விடுகிறது என்று வனத்துறை ஆண்டுதோறும் பிடுங்கிப் போடுகிறது. 1980களில் ஆடு மேய்ப்பதைத் தடுத்த பிறகே அது பெருகியது என்ற வாதமும் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

1931இல் காமெட் சிகரம் ஏறித் திரும்பும் வழியில் இங்கே வந்து சேர்ந்த ஃபிராங்க் ஸ்மைத் மூலம்தான் இந்த இடம் வெளியுலகில் பேர் பெற்றது. 1939இல் செடி சேகரிக்க வந்து பாறையில் வழுக்கி இறந்த ஜோன் மார்கரெட் லெக்கின் கல்லறை உள்ளே இருக்கிறது. அதுவரை போய்விட்டுத் திரும்பினேன். உள்ளே தங்க முடியாது. மாலை ஐந்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

இறக்கத்தில் மழை வலுத்தது. ஊன்றுகோல்களைக் கொஞ்சம் நீட்டி முன்னால் ஊன்றி, முழங்காலைச் சற்று மடக்கியே இறங்கினேன். மறுநாள் காலையில் தொடை லேசாக இறுக்கமாக இருந்தது, அவ்வளவுதான். பாதத்தில்தான் வேலை பாக்கி: இடது பெருவிரல் ஷூ முனையில் இடித்துக்கொண்டே வந்தது. இறங்கும் முன் கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அரை அளவு பெரிய ஷூ.

அடுத்த குறி ஹேம்குண்ட். அதே காங்கரியாவிலிருந்து ஆறு கிலோமீட்டரில் 1,200 மீட்டருக்கு மேல் ஏற்றம், மேலே பிரம்மகமலம். பையில் இன்னும் இரண்டு பாட்டில் சேர்த்துப் படியேற ஆரம்பித்தாயிற்று.