ஐந்து லிட்டர் கேனும் அத்தையின் பென்சில் கணக்கும்

எனக்குச் சிறுநீரகக் கல் வந்த பிறகு, ஐந்து லிட்டர் வெள்ளை கேன் ஒன்றைக் கையில் கொடுத்து, "24 மணி நேர யூரின் முழுக்க இதுல பிடிச்சு எடுத்துட்டு வாங்கம்மா" என்றார் லேபில் இருந்த பெண். துணிப்பைக்குள் மறைத்து ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததும் போவதைப் பிடிக்கக் கூடாது. அந்த நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு, அதற்கப்புறம் போவதையெல்லாம் ஒரு சொட்டு விடாமல் பிடித்து, திங்கள் காலை அதே நேரத்தில் போவதோடு முடிக்க வேண்டும். முடித்து மூடியைப் போட்டுப் பார்த்தால் கேனின் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. லேபில் அளந்து எழுதிய கணக்கு 870 மி.லி.

அதுவரை நான் குடிக்கிற தண்ணீர் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். பையில் எப்போதும் ஒரு லிட்டர் பாட்டில் இருக்கும். இருக்கும், அவ்வளவுதான். காலையில் நிரப்பியது சாயங்காலம் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வரும். மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றுவேன். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை செழிப்பாக வளர்ந்த ரகசியம் அதுதான்.

நான் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். கழிவு நீக்க மண்டலம் பாடத்தை வருஷா வருஷம் நடத்தி, சிறுநீரகத்துக்குப் படம் போட்டு பாகம் குறிக்கச் சொல்கிறவள். வேலூரிலிருந்து குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். காலை ஆறரைக்கு ஒரு காபி. அதற்கப்புறம் தண்ணீர் குடித்தால் வழியில் எங்கே இறங்குவது? பஸ் நிலையக் கழிப்பறைக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டுகூட நுழைய முடியாது. பள்ளியில் ஆசிரியைகளுக்கு இருப்பது ஒன்று, அதற்கும் பாதி நாள் தண்ணீர் வராது. ஆகவே குறைத்துக் குடிப்பதே வசதி என்று பதினோரு வருஷம் ஓட்டிவிட்டேன். பெண்கள் நிறையப் பேருக்கு இது புதிதில்லை.

2024 ஏப்ரலில், தேர்வு அறையில் நின்றுகொண்டிருந்தபோது இடப்பக்கம் இடுப்புக்குப் பின்னால் ஏதோ பிடித்த மாதிரி இருந்தது. பத்து நிமிஷத்தில் அது அடிவயிற்றுக்கு இறங்கித் தொடை வரை இழுத்தது. உட்கார்ந்தாலும் வலி, நின்றாலும் வலி, குனிந்தாலும் வலி. "வாயுவா இருக்கும் டீச்சர்" என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்த வேகத்தில் வாந்தி. இரண்டு பிள்ளை பெற்றவள் நான். அதைவிட இது மோசம்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வலி அடங்கிய பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீர்க் குழாயின் கடைசியில், சிறுநீர்ப்பைக்குள் விழப்போகிற இடத்தில், 5 மி.மீ. கல். இந்த அளவுக் கல் பெரும்பாலும் தானாகவே விழுந்துவிடும், வலி மாத்திரையும் குழாயைத் தளர்த்த ராத்திரி ஒரு மாத்திரையும் போதும், விழும்போது பிடித்துக்கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர். டீ வடிகட்டி ஒன்று புதிதாக வாங்கினேன். தப்பித்தவறி சமையலறைக்குள் வந்துவிடக் கூடாதென்று அத்தை, அதாவது என் மாமியார், அதன் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டிவிட்டார். ஒன்பதாம் நாள் விடிகாலை அதில் ஒன்று வந்து நின்றது. கொத்தமல்லி விதை அளவு, பழுப்பு நிறம், மேலெல்லாம் முள்முள்ளாக. பழைய குங்குமச் சிமிழில் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தேன். கால்சியம் ஆக்சலேட் என்று முடிவு வந்தது. கல்லில் அதிகம் காணப்படுகிற வகையே இதுதானாம்.

இதற்கிடையில் ஊரே மருத்துவரானது. வாழைத்தண்டு, இளநீர், பார்லி, தக்காளியைத் தொடாதே, பாலை விடு. என் வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர் பீர் குடித்தால் கல் ஓடிவிடும் என்று அவரிடம் சொல்லி, அவர் அதை என்னிடம் சொல்லத் தயங்கி மூன்று நாள் கழித்துச் சொன்னார். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் நீட்டினேன். அவர் அதைப் படிக்கவே இல்லை. கேன் கணக்கைத்தான் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கணும் சார்?"

"அதை நான் சொல்ல முடியாதும்மா. எவ்வளவு வெளியே போகணும்னு சொல்றேன். ரெண்டரை லிட்டர். அதுக்கு என்ன குடிக்கணுமோ குடிங்க."

இத்தனை வருஷமும் நான் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன் என்று அங்கேதான் புரிந்தது. ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு மூன்று லிட்டர் குடித்தால் ரெண்டரை வெளியே போய்விடலாம். மே மாத வேலூரில், நெரிசல் பஸ்ஸில் நின்று போகிறவளுக்கு வேர்வையே ஒரு லிட்டருக்கு மேல் குடித்துவிடும். ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள். அந்த ஆறு மாதிரியே நானும் வறண்டு கிடந்திருக்கிறேன். தண்ணீர் குறைந்தால் சிறுநீரில் கரைந்திருக்கிற உப்புகள் அடர்ந்து படிகமாகின்றன. உப்புக் கரைசலை வெயிலில் வைத்துப் பிள்ளைகளுக்கு நானே செய்து காட்டுகிற சோதனைதான் அது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததில் இத்தாலியில் செய்த ஓர் ஆய்வு கிடைத்தது, 1996-ல் வெளியானது. முதல் தடவை கல் வந்த 199 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை மட்டும் நிறையத் தண்ணீர் குடிக்க வைத்து ஐந்து வருஷம் பார்த்திருக்கிறார்கள். குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி கல் வந்தது. மற்றவர்களில் 27 சதவீதம். வெறும் தண்ணீருக்கு இது பெரிய வித்தியாசம்.

அப்படியானால் எல்லோரும் சொல்கிற எட்டு டம்ளர்? 1945-ல் அமெரிக்க உணவு வாரியம் ஒன்று நாளைக்கு ரெண்டரை லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று சொல்லி, அதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே இருக்கிறது என்றும் எழுதியது. முதல் வரி ஊரெல்லாம் பரவியது, அடுத்த வரி காணாமல் போனது என்று சொல்கிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் பெண்ணுக்கு 2 லிட்டர், ஆணுக்கு 2.5 லிட்டர் என்றது. அதுவும் உணவில் இருக்கிற நீரையும் சேர்த்து, மிதமான தட்பவெப்பத்துக்குச் சொன்னது. சமைத்த சோற்றில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். ரசம் ஊற்றிச் சாப்பிடுகிற நம்மைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாதாரண ஆளுக்கு தாகத்தையும் சிறுநீரின் நிறத்தையும் கவனித்தாலே போதும். ஒரு முறை கல் வந்த என் மாதிரி ஆளுக்குத்தான் அந்தச் சலுகை இல்லை.

டம்ளர் கணக்கு எவ்வளவு பொய் என்பதைச் சமையலறையில் கண்டுபிடித்தேன். காலி ஒரு லிட்டர் பாட்டிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாத்திரமாக அளந்தேன். சாப்பாட்டுக்கு வைக்கிற எவர்சில்வர் டம்ளர் நாலரை ஊற்றினால் பாட்டில் நிரம்பியது. காபி டம்ளர் எட்டு வேண்டியிருந்தது. பள்ளிக்கு வருகிற டீக் கண்ணாடியோ பத்துக்கு மேல் போயிற்று. "நாளைக்குப் பத்து டம்ளர் குடிக்கிறேன்" என்று நான் சொன்னால் அது ஒரு லிட்டராகவும் இருக்கலாம், இரண்டேகால் லிட்டராகவும் இருக்கலாம்.

டீ கணக்கில் சேருமா என்பதில் ஆசிரியர் அறையில் பெரிய சண்டை. டீ, காபி குடித்தால் குடித்ததைவிட அதிகமாக வெளியே போய்விடும் என்று தமிழ் டீச்சர் அடித்துச் சொன்னார். நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். 2014-ல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், வழக்கமாகக் காபி குடிக்கிற ஆண்கள் 50 பேரை நாளைக்கு நாலு கோப்பை காபி குடிக்க வைத்தும், பிறகு அதே அளவு தண்ணீர் குடிக்க வைத்தும் ஒப்பிட்டார்கள். உடலின் நீர்ச்சத்தில் வித்தியாசமே தெரியவில்லை. ஆக, பழகினவர்களுக்கு டீயும் காபியும் சேர்த்திதான். இரண்டு வருஷம் கழித்து வந்த இன்னொரு ஆய்வில் பால் தண்ணீரைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் உடம்பில் நின்றது. தமிழ் டீச்சர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு.

ஆனால் என் கல்லுக்கு என்று தனிக் கணக்கு உண்டு. டீயில் ஆக்சலேட் இருக்கிறது, அதனால் இரண்டு கண்ணாடியோடு நிறுத்திக்கொண்டேன். பாலை விட வேண்டாம் என்று டாக்டர் திட்டவட்டமாகச் சொன்னார். சாப்பாட்டோடு போகிற கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியே தள்ளிவிடுமாம். மோர் நல்லது, ஆனால் என் கைப்பழக்கத்துக்கு அதில் அரை ஸ்பூன் உப்பு விழும். உப்பு அதிகமானால் சிறுநீரில் கால்சியமும் அதிகமாகப் போகும். இப்போது உப்பில்லாமல் இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்டுக் குடிக்கிறேன். எலுமிச்சையில் இருக்கும் சிட்ரேட் கல் கட்டுவதைத் தடுக்கும் என்பதால் பாட்டில் தண்ணீரில் அரை மூடி பிழிந்துவிடுகிறேன், சர்க்கரை கிடையாது. வாழைத்தண்டைக் கூட்டாகச் செய்கிறேன், பிடிக்கும் என்பதற்காக. பீர் யோசனை அந்தத் தாளோடு போயிற்று.

இப்படி நான் பாட்டிலோடு திரிந்துகொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அத்தை. அவருக்கு எழுபத்திரண்டு வயது, இதயம் ரத்தத்தைத் தள்ளுகிற வலு குறைவு, காலில் நீர் கோத்துக்கொள்ளும். அவருக்கு நாளைக்கு 1,200 மி.லி.தான். மாத்திரைக்குக் குடிக்கிற தண்ணீர், காபி, ரசம், மோர், கஞ்சித் தண்ணீர் எல்லாம் அதற்குள். தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையில்லை, தண்ணீர். உடனே போன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அள்ளிக் கொடுக்கிற இளநீர் அவருக்கு ஆகாது. அவர் சாப்பிடுகிற மாத்திரைகளில் ஒன்று உடம்பில் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும், இளநீரில் அது நிறைய இருக்கிறது.

"இன்னா கொடுமைம்மா இது. நீ குடிக்க மாட்டேன்னு அழுவுற, எனக்குக் குடிக்கக் கொடுக்க மாட்டேன்னு அழ வெக்கறீங்க" என்றார் ஒருநாள்.

அவர் சொன்ன யோசனைதான் தினசரிக் காலண்டர் கணக்கு. கிழித்த தாளின் பின்பக்கத்தை நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் அவருக்கு. நூறு மி.லி.க்கு ஒரு கோடு. விரல் நீளப் பென்சில் துண்டு ஒன்று, அவர் கையிலேயே இருக்கும்.

ஆரம்பத்தில் நான் செய்த கூத்தும் அதில் பதிவாகியிருக்கிறது. பகலெல்லாம் ஏமாற்றிவிட்டு ராத்திரி எட்டு மணிக்குப் பார்த்தால் பதினைந்து கோடு பாக்கி. ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டரைக் குடித்தேன். தலை கனத்தது, குமட்டியது, ராத்திரி நாலு தடவை எழுந்தேன். டாக்டர் கோபித்துக்கொண்டார். சிறுநீரகத்தால் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வெளியேற்ற முடியாது, மேலே மேலே ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி ஆளையே சாய்த்துவிடும் என்றார். பிரித்துக் குடிக்க வேண்டும், ராத்திரி படுக்கும் முன் ஒரு டம்ளர் அவசியம். தூங்கும்போதுதான் சிறுநீர் அதிகம் அடர்த்தியாகும்.

பிரித்துக் குடிக்க வேண்டுமென்றால் பள்ளியில் குடித்தாக வேண்டும். அங்கேதான் மறுபடி கழிப்பறை வந்து நின்றது. நாலு ஆசிரியைகள் சேர்ந்து மனு எழுதினோம், ஊராட்சித் தலைவரைப் பார்த்தோம், கடைசியில் எங்கள் கைக்காசு போட்டு ஒரு சின்டெக்ஸ் தொட்டியும் குழாயும் வைத்தோம். எனக்கு மாத்திரை செய்யாததை அந்தத் தொட்டி செய்தது. 2025-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'வாட்டர் பெல்' வந்தது. பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவென்றே மணி அடிக்கிறோம். பையன்கள் மடமடவென்று குடிப்பார்கள். பெரிய வகுப்புப் பெண்கள் பாட்டிலை உதட்டில் வைத்து நனைத்துவிட்டு மூடுவார்கள். ஏன் என்று நான் கேட்பதில்லை. கழிப்பறைச் சாவி இப்போது என் மேசைமேல், எல்லோரும் பார்க்கிற இடத்தில் தொங்குகிறது.

முதல் கேனுக்கு ஆறு மாதம் கழித்து மறுபடி அதே ஐந்து லிட்டர் கேன். இந்தத் தடவை 2,380. "இன்னும் நூத்திருபது பாக்கி" என்றார் டாக்டர், சிரித்துக்கொண்டே. ஸ்கேனில் புதுக் கல் இல்லை.

நேற்று ராத்திரி எட்டரைக்கு அத்தை கோடுகளை எண்ணினார். எனக்கு இருபத்தொன்பது. அவருக்குப் பதினொன்று.

"எனக்கு ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார். "காபியா போட்டுக் குடு. டம்ளர்ல வேணாம், அந்தச் சின்ன டவராவுல ஊத்து, நெறைய இருக்கற மாதிரி தெரியும்."