தடை ஆளுக்கா, பெட்டிக்கா?

கம்பெனி போட்ட பூட்டை உடைத்து மாற்றிய, அதாவது மாட் செய்த கன்சோலை (கேம் ஆடும் பெட்டியை) அதன் கம்பெனிக்காரர்கள் ஆன்லைனிலிருந்து தூக்குவது சரியா என்று கேட்டால், தாராளமாகத் தூக்கட்டும் என்றுதான் சொல்வேன். சர்வர் அவர்களுடையது, அதை ஓட்டும் செலவும் அவர்களுடையது, யாரை உள்ளே விடுவது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். எனக்கு உறுத்துவது வேறு. அந்தத் தடையை யார் தலையில் கட்டுகிறார்கள், நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் எவ்வளவு தூரம் கையை விடுகிறார்கள் என்பதுதான்.

2009 நவம்பரில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2 என்ற கேம் வெளியான சமயம் பார்த்து, மாட் செய்த எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிகளை மைக்ரோசாஃப்ட் கொத்துக்கொத்தாகத் தன் ஆன்லைன் சேவையான எக்ஸ்பாக்ஸ் லைவிலிருந்து வெளியேற்றியது. எத்தனை என்று கம்பெனி சொல்லவில்லை, 2 கோடி உறுப்பினர்களில் ஒரு சிறு பங்கு என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள். செய்திகளில் 10 லட்சம் வரை அடிபட்டது. அந்த வருஷத்தின் பெரிய கேமை எல்லோரும் ஆன்லைனில் ஆட உட்காரும் நேரத்தில் இது தற்செயலாக நடந்தது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

அந்த மாட் வேலை செய்த விதம் அலாதியானது. டிஸ்க் அசலா என்று கன்சோல் நேரடியாகப் பார்ப்பதில்லை, டிவிடி டிரைவைக் கேட்கும். டிஸ்க்கில் சாதாரண ரைட்டரால் காப்பி எடுக்க முடியாத சில இடங்கள் இருக்கும், அவற்றைப் பற்றிக் கன்சோல் கேள்வி கேட்க, டிரைவ் அளந்து பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். மாட் செய்தவர்கள் டிரைவின் ஃபர்ம்வேரை (அதற்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருளை) மாற்றி எழுதி அதற்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள்: சரியான பதில்கள் எல்லாம் காப்பி டிஸ்க்கிலேயே ஒரு மூலையில் பதிந்திருக்கும், கேள்வி வந்தால் அங்கிருந்து எடுத்து ஒப்பித்துவிடும். கன்சோலும் தலையாட்டிவிடும். ஆனால் லைவில் நுழைந்துவிட்டால் கம்பெனியின் சர்வர் பார்த்துக்கொண்டிருக்கிறது. சில அதிபுத்திசாலிகள் இன்னும் வெளியாகவே வெளியாகாத கேமை ஆன்லைனில் இருந்தபடியே ஆடினார்கள், அவர்களைப் பிடிக்க எந்தத் தொழில்நுட்பமும் தேவைப்பட்டிருக்காது.

திருட்டு காப்பியைவிட எனக்கு ஆன்லைனில் தொந்தரவாகப் படுவது ஏமாற்று ஆட்டம். அதே மாடர்ன் வார்ஃபேர் 2-இல், டிரைவை மட்டும் இல்லாமல் கன்சோலையே முழுசாகத் திறந்துவிட்டவர்கள் (ஜேடேக் ஹேக் என்பார்கள்) தங்கள் இஷ்டத்துக்கு விதிகளை மாற்றிய லாபிகளை (ஆட்டக்காரர்கள் கூடி ஆடும் ஆன்லைன் அறைகளை) நடத்தினார்கள். ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஏற வேண்டிய லெவலை ஒரே ஆட்டத்தில் கொடுத்துவிடுவார்கள், சுவர் தாண்டிக் குதிப்பார்கள், சுட்டால் சாக மாட்டார்கள். நியாயமாக ஆட வந்தவன் என்ன செய்வான்? டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டுப் படுக்கப் போவான். அதனால்தான் "நான் திருட்டு கேம் ஆடவில்லை, சும்மா மாட் மட்டும்தான் செய்தேன்" என்கிறவர்களுக்கும் ஆன்லைனில் இடம் கிடையாது என்பதை என்னால் ஏற்க முடிகிறது.

அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலில் சேவ் ஃபைலை (ஆட்டம் எதுவரை வந்தது என்ற பதிவை) எஸ்டி கார்டில் காப்பி எடுத்து வைக்க வழியே இல்லை, கிளவுடுக்கு மாதச் சந்தா வேண்டும், சில கேம்களுக்கு அதுவும் கிடையாது. நூறு மணி நேரம் ஆடிய சேவைப் பத்திரப்படுத்துவதற்காக மட்டும் பெட்டியைத் திறந்தவர்கள் இருக்கிறார்கள். சரி, வீட்டில் ஆடட்டும்.

சிக்கல் எங்கே என்றால், அன்றைக்கு மைக்ரோசாஃப்ட் போட்ட தடை ஆளுக்கு இல்லை, பெட்டிக்கு. மாட் செய்தவர் புதுப் பெட்டி ஒன்று வாங்கி, பழைய கணக்கோடு மறுபடி உள்ளே போய்விடலாம் (கம்பெனிக்கு இன்னொரு விற்பனை, அதைப் பற்றி யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை). தடைபட்ட பெட்டி செகண்ட் ஹேண்டில் விலைக்கு வரும். விபரம் தெரியாமல் வாங்குகிறவர் மாட்டிக்கொள்வார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதோடு விடவில்லை: தடைபட்ட பெட்டியில் கேமை ஹார்டு டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்யும் வசதியும் போய்விட்டது. அசல் டிஸ்க்கை வீட்டுக்குள் இன்ஸ்டால் செய்வதற்கும் ஆன்லைனுக்கும் என்ன சம்பந்தம்? அந்த இடத்தில் அது கண்டிப்பு என்ற எல்லையைத் தாண்டிவிட்டது.

இப்போதைய நிலைமை இன்னும் மோசம். ஸ்விட்ச் கார்ட்ரிட்ஜ் (கேம் பதிந்து விற்கும் சின்ன அட்டை) ஒவ்வொன்றிலும் தனித்தனி டிஜிட்டல் சான்றிதழ் இருக்கிறது, ஆன்லைனில் போகும்போது அது சரிபார்க்கப்படும், ஒரே சான்றிதழ் இரண்டு இடத்தில் தென்பட்டால் சர்வருக்குச் சந்தேகம் வரும். மிக் ஸ்விட்ச் மாதிரி ஃபிளாஷ் கார்டில் (காப்பி எடுத்த கேம்களை ஏற்றி கார்ட்ரிட்ஜ் போலச் செருகும் அட்டை) காப்பியோடு இந்தச் சான்றிதழையும் ஏற்றிக்கொள்ளலாம். ஒருவர் கார்ட்ரிட்ஜ் வாங்கி, காப்பி எடுத்து, அசலை விற்றுவிடுகிறார் என்று வையுங்கள். அசலைக் கையில் வைத்திருப்பவரும் காப்பியை ஆடுபவரும் சர்வர் பார்வையில் ஒரே ஜாதி. 2025 ஜூனில் அடுத்த கன்சோலான ஸ்விட்ச் 2 வந்த சில நாட்களிலேயே ஃபிளாஷ் கார்டு போட்ட பெட்டிகள் தடைபட ஆரம்பித்தன, செகண்ட் ஹேண்டில் அசல் கேம்களை வாங்கிப் போட்ட ஒருவருக்கும் அதே கதி. ஆதாரங்களைக் காட்டித் தடையை நீக்கிக்கொண்டதாக அவரே எழுதியிருந்தார். நல்லது, ஆனால் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு ஏன் அவர் தலையில்?

அதற்கு முந்தைய மாதம்தான் நின்டெண்டோ தன் அமெரிக்கப் பயனர் ஒப்பந்தத்தைத் திருத்தியிருந்தது. விதியை மீறினால் சேவையை மட்டுமல்ல, பெட்டியையே முழுதாகவோ பகுதியாகவோ நிரந்தரமாக இயங்காமல் செய்யலாம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். செய்வார்களா என்பது வேறு விஷயம், உரிமையை எழுதி வாங்கிக்கொண்டார்கள். கூடவே கேம் கீ கார்டு என்று ஒன்று வந்திருக்கிறது, உள்ளே சாவி மட்டும்தான், கேமை இணையத்தில்தான் இறக்க வேண்டும். ஆன்லைன் வேறு, வீட்டு ஆட்டம் வேறு என்று நான் மேலே பிரித்த கோடே அங்கே கலைந்துபோகிறது.

தடை கணக்கில் விழட்டும். பெட்டியில் விழுந்தே தீர வேண்டுமென்றால், சீரியல் நம்பரைப் போட்டால் தடைபட்டதா இல்லையா என்று காட்டும் ஒரு பக்கத்தையாவது கம்பெனிகள் திறந்து வைக்கலாம், திருட்டு போன்களுக்கு ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) பார்க்க வசதி இருக்கிறதே. அது வரும்வரை செகண்ட் ஹேண்ட் ஸ்விட்ச் 2 வாங்கப் போகிறவர்கள், காசைக் கொடுப்பதற்கு முன்னால் அந்த இடத்திலேயே வைஃபையில் இணைத்து நின்டெண்டோவின் ஆன்லைன் கடையான ஈஷாப்பைத் திறந்து பாருங்கள். தடையைக் காட்டும் 2124-4508 என்ற பிழை எண் வந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.