புரெவிப் புயலுக்கு எங்கள் வள்ளச் சங்கம் தயாரான கதை

2017-இல் வந்த ஒக்கிப் புயலுக்குப் பிறகு எங்கள் வள்ளச் சங்கம் முதலில் வாங்கிய பொருள், தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டு. கடலுக்குப் போகிற ஒவ்வொருவர் பெயரும் அதில் இருக்க வேண்டும் என்று பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் எங்கள் பக்கம் வருகிறது என்று அறிவித்தபோது, பதறாமல் வேலை பார்க்க முடிந்தது அந்த நோட்டு இருந்ததால்தான். குமரி மாவட்டத்தில் குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடைப்பட்ட கடற்கரை எங்கள் ஊர். அப்போது நான் சங்கச் செயலாளர். மற்ற ஊர்ச் சங்கங்களுக்கும் உதவும் என்பதால், அந்த நாட்களில் என்ன செய்தோம் என்று எழுதி வைக்கிறேன்.

நோட்டு ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2017 நவம்பர் 30 காலையில்தான் ஒக்கி புயலாக மாறிவிட்டது என்ற அறிவிப்பு வந்தது. அதற்குள் வள்ளங்கள், அதாவது கரையோரச் சிறு படகுகள், பல கடலில் இருந்தன. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகளோ நாட்கணக்கில் முன்பே கிளம்பிப் போயிருந்தன. கரண்டு போனது, போன் போனது, ரோடெல்லாம் மரம். எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்று கேட்டால் எங்கள் கரையில் யாராலும் ஓர் எண்ணைச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒவ்வொரு கத்தோலிக்கக் கோயிலின் எல்லையிலும், வீடு வீடாகக் கேட்டுத்தான் பட்டியல் எழுதினார்கள். அரசுக் கணக்கு ஒன்று, பங்குகளின் கணக்கு ஒன்று என்று அது வெகுநாள் இழுத்தது. வெளிமாநிலத்திலிருந்து வந்து படகில் வேலை செய்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். கூடவே வலை இழுத்தவனுக்கும் அவர்களின் கூப்பிடு பெயர் மட்டும்தான் தெரியும். அவர்கள் ஊரில் யாரிடம் போய்ச் சொல்வது? ஒருவன் கடலில் காணாமல் போய், அவன் போனதே கரையில் யாருக்கும் தெரியாமல் இருப்பதைவிடக் கொடுமை எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அதனால் நோட்டில் ஒரு படகுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினோம். படகின் பெயர், பதிவு எண், டிரைவர், உடன் போகிறவர்கள், ஒவ்வொருவரின் தகப்பன் பெயர், வீட்டில் எடுக்கிற போன் நம்பர். வெளிமாநிலத்தார் என்றால் அவர்கள் ஊரில் உள்ள ஒருவரின் நம்பர். உயிர்காப்பு மேலங்கி எத்தனை, வயர்லெஸ் செட் உண்டா, எப்போது திரும்புவதாகப் போகிறார்கள். இது வரைக்கும் யாரும் மறுக்கவில்லை. எந்தப் பாருக்கு, அதாவது மீன் கூடுகிற எந்தக் கடலடிப் பாறைத் திட்டுக்கு, போகிறீர்கள் என்று கேட்டபோதுதான் சண்டை வந்தது. மீன் கிடைக்கிற பாரை எவன் வெளியே சொல்வான்? அது தொழில் ரகசியம், அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கடைசியில், திசையையும் எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி) ஆழம் என்பதையும் மட்டும் சொன்னால் போதும் என்று முடித்தோம். தேடப் போகிறவர்களுக்கு அதுவே பெரிய உதவி.

சரி, புரெவிக்கு வருகிறேன். வங்கக்கடலில் டிசம்பர் 1-ஆம் தேதி அது புயலானது. இலங்கையைத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்குள் நுழைந்து, பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கரையேறும் என்று வானிலை ஆய்வு மையம் சொன்னது. கோட்டாறு சவேரியார் திருவிழாவின் கடைசி நாட்கள். திருவிழாவுக்காகப் பலர் கரையில் நின்றதால் வள்ளக்காரர்களைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. தங்கு தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போன விசைப்படகுகள்தான் கவலை.

வானிலை மையம் புயல் செய்தியைப் படிப்படியாகத் தருகிறது. 72 மணி நேரத்துக்கு முன்னால் ஒன்று, 48 மணி நேரத்துக்கு முன்னால் ஒன்று, 24 மணி நேரத்துக்கு முன்னால் ஒன்று. எல்லாம் ஒரே மாதிரி எச்சரிக்கை என்று நினைத்துக்கொண்டால் நேரம் போய்விடும். நம் படகு மணிக்கு 8 கடல் மைல் ஓடும் என்றால், 200 கடல் மைல் தள்ளி நிற்கிற படகு கரைக்கு வர 25 மணி நேரம் வேண்டும். 24 மணி நேர எச்சரிக்கை வந்த பிறகு அவர்களைக் கூப்பிட்டால், புயலுக்குள் ஓடி வா என்று சொல்வதாகிவிடும். காற்றுக்கு முன்பே பெரிய அலையும் வந்துவிடும், துறைமுக முகத்துவாரத்தில் நுழைய முடியாது. ஆகவே முதல் செய்தி தூரத்துப் படகுகளுக்கானது, கடைசிச் செய்தி மணலில் கிடக்கிற வள்ளங்களுக்கானது என்று பிரித்துக்கொண்டோம். வாட்ஸ்அப்பில் சுற்றிய படங்களையும் குரல் பதிவுகளையும் சங்கத்தின் பெயரில் யாரும் அனுப்பக் கூடாது, வானிலை மையம் சொல்வதை மட்டும் கோயில் மைக்கில் வாசிப்பது என்றும் முடிவாயிற்று.

தூரத்துப் படகுகளிடம் நாங்கள் சொன்னது ஒன்றுதான்: ஊருக்கு வர வேண்டாம், பக்கத்தில் எந்தத் துறைமுகம் இருக்கிறதோ அங்கே ஏறுங்கள். கொச்சியோ மங்களூரோ ரத்தினகிரியோ, எதுவானாலும் சரி. இதைச் சொல்வது சுலபம், கேட்க வைப்பது கஷ்டம். அந்நியத் துறைமுகத்தில் கட்டினால் ஐஸ் உருகும், மீன் விலை போகாது, டீசல் காசு நம் தலையில். ஒரு படகு உரிமையாளர் என்னிடம், "மக்கா, புயல் கிழக்க நிக்கி. மேக்க கிடக்க போட்டுக்கு என்ன வரும்?" என்று கேட்டார். ஒக்கியும் குமரிக்குத் தெற்கே வந்து பின்னர் அரபிக்கடலுக்குள்தானே போனது? அப்படிப் போகிற புயல் நம் மேற்குக் கரையில் முதலில் கரையிலிருந்து கடலைப் பார்த்துக் காற்றைத் தள்ளுகிறது. எஞ்சின் நின்ற படகு மேற்கே மேற்கே போய்க்கொண்டே இருக்கும். அதைச் சொன்னதும் அவரே செட்டை எடுத்துக் கூப்பிட ஆரம்பித்தார்.

வயர்லெஸ் சத்தம் படகுக்குப் படகு ஒரு எல்லைக்குள்தான் கேட்கும். அதனால் செய்தியைக் கை மாற்றி விட்டோம். குளச்சல் படகு ஒன்று கேட்டு, அதற்கப்பால் நின்ற தூத்தூர் படகுக்குச் சொல்லி, அது இன்னும் உள்ளே நின்ற எங்கள் படகுக்குச் சொன்னது. பதில் அதே வழியில் திரும்பி வந்த பிறகுதான் நோட்டில் அந்தப் பக்கத்தில் டிக் போட்டோம். "சொல்லியாச்சு" என்பதற்கு டிக் கிடையாது, "ஏறிட்டோம்" என்று வந்தால்தான் டிக். இந்த ஒரு விதியை யாருக்காகவும் தளர்த்தவில்லை.

நோட்டைச் சரிபார்த்தது பெண்கள். ஒவ்வொரு அன்பியத்திலும் (பங்கில் சில வீடுகள் சேர்ந்த சிறு குழு) இரண்டு பேர், முகக்கவசம் போட்டுக்கொண்டு, பட்டியலோடு வீடு வீடாகப் போனார்கள். கொரோனா காலம், வாசலில் நின்றே கேட்டார்கள். அவர்கள் போயிருக்காவிட்டால் நோட்டு தப்பாகவே இருந்திருக்கும். கடைசி நேரத்தில் ஒருவருக்குக் காய்ச்சல், அவருக்குப் பதில் மச்சான் போயிருக்கிறார். இன்னொருவர் பாதியில் வேறு படகுக்கு மாறியிருக்கிறார். இதெல்லாம் உரிமையாளருக்கும் தெரியாது, வீட்டில் இருக்கிற பொம்பளைக்குத்தான் தெரியும். அன்று மாலை நோட்டில் அடித்துத் திருத்தாத பக்கம் குறைவு.

அப்புறம் மணலில் கிடந்த ஃபைபர் வள்ளங்கள். கடலரிப்பில் எங்கள் கரை குறுகிக் கிடக்கிறது. தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கற்சுவர்) இருக்கிற இடத்தில் கொஞ்சம் மணல், இல்லாத இடத்தில் அலைத்தடுப்புக் கல்லோடு முடிந்துவிடுகிறது. டிராக்டர் பிடித்து வள்ளங்களை மேட்டில் ஏற்றினோம். முதலில் எஞ்சினைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னோம். வள்ளம் உடைந்தாலும் ஒட்டிவிடலாம், உப்புத் தண்ணீர் புகுந்த எஞ்சின் தேறுவது கஷ்டம். மண்ணெண்ணெய் கேன்களை வீட்டுக்குள் வைக்காமல் தனியாக ஓரிடத்தில் சேர்த்தோம். வலை, மிதவை, கொடிக்கம்பு, தார்ப்பாய் எல்லாம் இறக்கியாயிற்று. காற்றில் பறக்கிற தகரமும் கம்பும்தான் ஆளை வெட்டும். தென்னையில் கட்டும்போது ஒரு மரத்தில் ஒரு வள்ளம் மட்டும் என்றோம். ஒக்கியில் வேரோடு சாய்ந்த தென்னைகளை எல்லோரும் பார்த்திருந்ததால் அதை யாரும் எதிர்க்கவில்லை.

துறைமுகத்தில் கட்டிய விசைப்படகுகளுக்குக் கணக்கு வேறு. அங்கே படகை உடைப்பது பெரும்பாலும் பக்கத்துப் படகுதான். நெருக்கி நெருக்கிக் கட்டினால் ஒன்று இன்னொன்றை இடித்தே நொறுக்கிவிடும். முடிந்த அளவு இடைவெளி விட்டு, இரண்டு பக்கமும் பழைய டயரைத் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் இரட்டைக் கயிறு போட்டோம். கயிறு கல்லில் உரசுகிற இடத்தில் பழைய ரப்பர் குழாயைப் பிளந்து சுற்றினோம். ரொம்ப இழுத்துக் கட்டவும் கூடாது. புயலில் தண்ணீர் மட்டம் ஏறும், அப்போது குட்டைக் கயிறு அறுந்துவிடும் அல்லது கட்டையைப் பிடுங்கிவிடும். காவலுக்குப் படகில் ஆள் படுக்க வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். எவ்வளவோ லட்சம் கடன் வாங்கிய படகு, அவர்கள் பயம் புரிகிறது. ஆனாலும் ஒருவரையும் விடவில்லை. பங்குத்தந்தை நேரில் வந்து ஒவ்வொரு படகாகப் பார்த்து ஆட்களை இறக்கினார். அவர் வராவிட்டால் எங்கள் பேச்சு எடுபட்டிருக்காது.

பதிவுச் சான்று, காப்பீடு, மீனவர் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து சங்கத்துப் போனில் ஏற்றினோம். கட்டிய நிலையில் படகையும் எஞ்சின் நம்பரையும் தேதியோடு படம் பிடித்தோம். சேதம் வந்தால் முன்பு எப்படி இருந்தது என்று கேட்பார்கள். கோயில் ஜெனரேட்டருக்கு டீசல் நிரப்பி, வயர்லெஸ் செட்டுக்கு ஒரு பேட்டரியைத் தனியாகச் சார்ஜ் போட்டு வைத்தோம். கடலோரக் காவல்படையின் 1554, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 இரண்டையும் சங்கச் சுவரில் பெரிதாக எழுதினோம்.

புரெவி 2-ஆம் தேதி இரவு திரிகோணமலைக்கு வடக்கே கரையேறி, மறுநாள் பாம்பன் அருகே வந்து வலுவிழந்தது. ராமநாதபுரம் பக்கத்திலேயே நின்று கரைந்துபோனது. எங்களுக்கு மழையும் கொஞ்சம் கடல் சீற்றமும்தான்.

அடுத்த கூட்டத்தில் சத்தம் அதிகமாகத்தான் இருந்தது. தொழில் போச்சு, டிராக்டர் வாடகை போச்சு, வெளித்துறைமுகத்தில் மீன் அடிமாட்டு விலைக்குப் போச்சு. கேட்டவர்கள் எல்லோருக்கும் கடன் இருக்கிறது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். புயலுக்காகத் தொழிலை விடுகிற நாட்களுக்குச் சங்கத்தில் ஒரு நிதி வேண்டும் என்று அன்றைக்குத்தான் பேச்சு வந்தது. ஏலத்தில் விற்கிற மீனில் ஒவ்வொரு படகும் ஒரு சிறு தொகையை ஒதுக்குவது என்று தீர்மானம் போட்டோம். டிராக்டர் வாடகையை வள்ளக்காரர்களும் விசைப்படகுக்காரர்களும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். நோட்டை ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் புதிதாக எழுதும் பொறுப்பை, வீடு வீடாகப் போன பெண்களிடமே கொடுத்துவிட்டோம்.